இடம் மாறி ஒட்டிய சிறுநீரகம்: மகனிடம் சொல்லலாமா?

வாசகர் கடிதம்:

டாக்டர், வணக்கம். சிங்கப்பூரில் யீஷூனில் இருக்கிறோம். மகனுக்குப் பதினாறு வயது, உயர்நிலை நான்கு படிக்கிறான். போன மாதம் வலது அடிவயிற்றில் கடுமையான வலி, கூடவே வாந்தி. குடல்வாலாக இருக்குமோ என்று அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினோம். முதலில் ஸ்கேன் பார்த்தவர் "இடது கிட்னியைக் காணவில்லை" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு சி.டி. எடுத்துவிட்டு, இடது கிட்னி வலது பக்கம் வந்து மற்றதோடு ஒட்டியிருக்கிறது, பிறவியிலேயே அப்படி, லேசான வீக்கம் இருக்கிறது, நிபுணரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். குடல்வால் நன்றாக இருக்கிறதாம். அதற்குள் வலியும் போய்விட்டது. இதற்கு முன்பும் ஆறேழு முறை இப்படி வந்திருக்கிறது, பெரும்பாலும் சனிக்கிழமை பந்து விளையாடிவிட்டு வந்து ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்த பிறகு. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒட்டியதை வெட்டிப் பிரிக்க முடியுமா? டயாலிசிஸ் வரை போகுமா? காற்பந்தை நிறுத்திவிடவா? தேசிய சேவை என்ன ஆகும்? நான் கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே போனதுதான் காரணம் என்கிறார் என் மாமியார். பத்து வயதில் ஒரு மகளும் இருக்கிறாள், அவளுக்கும் பார்க்க வேண்டுமா? மகனிடம் இன்னும் விவரம் சொல்லவில்லை. ஓ நிலைத் தேர்வு முடியட்டும், பயந்துவிடுவான் என்கிறார் என் கணவர்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் கேட்ட கேள்விகளைவிட, போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. பந்து விளையாடிவிட்டு வந்து ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்த பிறகு வலி வருகிறது என்றீர்களே, அந்த வரி. அதை அவசரப் பிரிவில் யாரிடமாவது சொன்னீர்களா? சொல்லாவிட்டால், அடுத்து பார்க்கப்போகும் மருத்துவரிடம் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும். காரணத்தைச் சற்றுப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் அந்தக் "காணவில்லை" என்ற சொல்லைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். வயிற்றில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி ஸ்கேன் செய்பவர், விலா எலும்புக்குக் கீழே வழக்கமான இடத்தில்தான் சிறுநீரகத்தைத் தேடுவார். அங்கே இல்லையென்றால் "காணவில்லை" என்று எழுதுவார். அந்த இடத்தில் இல்லை என்பதற்கும் உடம்பிலேயே இல்லை என்பதற்கும் எவ்வளவோ தூரம். ஆனால் எழுதிய சொல் அப்படியே நின்றுவிடுகிறது. என்னிடம் வந்த பெரியவர் ஒருவர், தனக்கு ஒரே சிறுநீரகம் என்று ஏறத்தாழ முப்பது வருடம் நம்பிக்கொண்டிருந்தார். கனமான பையைத் தூக்க மாட்டார், நீண்ட பயணம் போக மாட்டார். வேறு எதற்கோ எடுத்த சி.டி. படத்தில் பார்த்தால் இரண்டும் இருக்கின்றன, உங்கள் மகனுக்கு இருப்பதுபோல ஒரே பக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. அவர் திரையில் விரலை வைத்து, "இதுவா? இவ்வளவு நாளும் இங்கேயா இருந்தது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். உங்கள் மகனுக்கு இரண்டாவது படமும் எடுத்ததால் உண்மை அன்றைக்கே தெரிந்துவிட்டது. அது நல்ல விஷயம்.

இது எப்படி நேர்கிறது? சிறுநீரகங்கள் நாம் நினைக்கும் இடத்தில் உருவாவதில்லை. கருவின் ஐந்தாவது வாரத்தில் இடுப்புக் குழிக்குள், ஒன்றுக்கொன்று மிக அருகில் உருவாகத் தொடங்குகின்றன. பிறகு உடல் நீள நீள இரண்டும் மெல்ல மேலே ஏறி, ஒன்பதாவது வாரத்துக்குள் விலா எலும்பின் காவலுக்குள் போய்ச் சேர்கின்றன. ஏறும் வழி குறுகலானது. அங்கே இரண்டும் தொட்டுக்கொண்டால் ஒட்டிவிடலாம். கீழ் முனைகள் ஒட்டினால் குதிரை லாடம் போன்ற வடிவம் வரும். அப்படி ஒட்டியது முழுமையாக மேலே ஏறாது. பெருந்தமனியிலிருந்து குடலுக்குப் போகும் ஒரு ரத்தக்குழாய் குறுக்கே நிற்கிறது, அதன் அடியிலேயே பெரும்பாலும் நின்றுவிடும். உங்கள் மகனுக்கு நடந்தது வேறு. இடது சிறுநீரகம் நடுக்கோட்டைத் தாண்டி வலது பக்கம் போய் அங்கிருந்ததோடு ஒட்டிக்கொண்டது. அறிக்கையில் "க்ராஸ்டு ஃபியூஸ்டு ரீனல் எக்டோபியா" என்று இருக்கும், பாருங்கள். இதில் ஒரு வியப்பு உண்டு. சிறுநீரகம் வலப்பக்கம் குடிபோனாலும், அதன் சிறுநீர்க்குழாய் மறுபடி நடுக்கோட்டைக் கடந்து வந்து சிறுநீர்ப்பையின் இடது பக்கத்தில்தான் திறக்கும். வீடு மாறினாலும் வாசல் மாறவில்லை.

லாட வடிவம் சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. காலை நெரிசலில் நிரம்பிய ஒரு எம்ஆர்டி ரயிலை எடுத்துக்கொண்டால் அதில் இரண்டு மூன்று பேருக்காவது இருக்கலாம், அவர்களில் பலருக்கு அது தெரியாது. குறுக்கே கடந்து ஒட்டுவது அதைவிட அரிது. ஆயிரத்தில் ஒருவர் என்பார்கள், இன்னும் குறைவு என்று சொல்லும் கணக்குகளும் உண்டு. ஆண்களுக்குத்தான் அதிகம், இடதிலிருந்து வலதுக்குப் போவதுதான் அதிகம். ஆக, அரிதான வகையானாலும் உங்கள் மகனுடையது அதில் வழக்கமான தோற்றம்தான். ஒட்டும் விதத்தை வைத்து ஆறு வடிவங்களாகப் பிரிக்கும் முறை 1957லிருந்து இருக்கிறது. ஒன்றன் கீழ் ஒன்றாக நீளமாக ஒட்டுவது, எஸ் எழுத்துப்போல வளைவது, எல் எழுத்துப்போல மடங்குவது, உருண்டையாகத் திரள்வது என்று போகும். இவற்றையெல்லாம்விட அரிதாக, இரண்டும் இடுப்புக் குழியை விட்டு ஏறாமலேயே தோசைபோல ஒரே தட்டாக ஒட்டிக்கொள்வதும் உண்டு. உங்கள் மகனுடையது எந்த வடிவம் என்று நிபுணரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு வேறு ஒரு மருத்துவருக்கு அந்த ஒரு சொல் உதவும்.

லாட வடிவச் சிறுநீரகத்தை இத்தாலிய உடற்கூற்று அறிஞர் பெரெங்காரியோ டா கார்பி 1520களிலேயே எழுதி வைத்துவிட்டார். அந்தக் காலத்தில் இறந்தவர் உடலை அறுத்துப் பார்த்தால்தான் இது தெரியும். வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே இல்லாமல் வாழ்ந்து முடித்தவர்கள் எத்தனையோ பேர். இன்று ஸ்கேன் வந்துவிட்டதால் பதினாறு வயதிலேயே தெரிகிறது. தெரிந்துகொள்வது நல்லது, ஆனால் அதோடு ஒரு பயமும் சேர்ந்து வந்துவிடுகிறது. உங்களுக்கு வந்திருப்பது அந்தப் பயம்தான்.

உங்கள் மாமியார் சொன்னதற்கு வருகிறேன். இல்லை. கிரகணம் காரணம் இல்லை. பப்பாளி சாப்பிட்டது, பாரம் தூக்கியது, மாடிப்படி ஏறியது, எதுவுமே காரணம் இல்லை. கருவின் ஐந்தாவது வாரம் என்றால், நாள் தள்ளிப்போய் இரண்டு மூன்று வாரமே ஆகியிருக்கும் நேரம். பாட்டில் பாட்டிலாகச் சத்து மாத்திரை வாங்கி வைப்பதற்கு முன்பே அடித்தளம் போட்டாகிவிட்டது. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே கட்டுப்படாத சர்க்கரை நோய், சில மருந்துகள், சில குரோமோசோம் மாற்றங்கள் ஆகியவற்றோடு இப்படிப்பட்ட அமைப்புகளுக்குத் தொடர்பு உண்டு என்பது தெரியும். அப்படி எதையும் நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலானவர்களுக்குக் காரணம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடிவதில்லை. இந்தப் பத்தியை உங்கள் மாமியாரிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள். அவரும் பேரன்மேல் உள்ள கவலையில்தான் ஒரு காரணத்தைத் தேடுகிறார். ஆனால் பதினாறு வருடம் கழித்து ஒரு தாயின் தலையில் அதைச் சுமத்துவது நியாயம் இல்லை.

சரி, அந்தத் தண்ணீர் பாட்டிலுக்கு வருவோம்.

சிறுநீரகத்தில் ஊறும் சிறுநீர் முதலில் ஒரு புனல் போன்ற பையில் சேர்ந்து, அதன் அடியிலிருந்து குழாய் வழியாகக் கீழே இறங்கும். ஒட்டிப் பிறந்த சிறுநீரகங்கள் ஏறும்போது முழுமையாகத் திரும்பியிருக்காது. புனலின் வாய் உட்பக்கமாக முதுகெலும்பை நோக்கி இல்லாமல் முன்பக்கம் பார்த்து இருக்கும். குழாய் அடியில் பொருந்தாமல் சற்று மேலே, பக்கவாட்டில் பொருந்தியிருக்கலாம். மாடித் தண்ணீர்த் தொட்டியின் வடிகுழாயை அடியில் வைக்காமல் பக்கச் சுவரில் உயரத்தில் வைத்ததாக நினைத்துப் பாருங்கள். தண்ணீர் அளவாக வரும்வரை சமாளித்துவிடும். திடீரென்று கொட்டினால் வடியாமல் தேங்கும். சில பேருக்கு அந்த முனையில் ஒரு ரத்தக்குழாயும் குறுக்கே அழுத்திக்கொண்டிருக்கும். வியர்த்து விறுவிறுத்து வந்த பையன் ஒரே மூச்சில் ஒரு பாட்டில் தண்ணீர் குடிக்கிறான். சிறிது நேரத்தில் சிறுநீர் வெள்ளமாக ஊறுகிறது, குறுகிய வாய் ஈடுகொடுக்க முடியாமல் புனல் பலூன்போல விரிகிறது. அப்போது துடிக்க வைக்கும் வலி வரும், வாந்தி வரும். ஓரிரு மணி நேரத்தில் தானாக வடிந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து உட்கார்ந்து சாப்பாடு கேட்பான். போலந்து நாட்டு மருத்துவர் டீட்ல் 1864இல் இப்படி விட்டுவிட்டு வரும் சிறுநீரக வலியை விவரித்தார், இன்றும் அவர் பெயரால்தான் சொல்கிறோம். வலி முதுகுப் பக்கம் வராமல் வலது அடிவயிற்றில் வந்ததும் பொருந்துகிறது. ஒட்டிய சிறுநீரகம் வழக்கத்தைவிடக் கீழேயும் முன்னேயும் இருப்பதால் குடல்வால் என்று எல்லோரையும் ஏமாற்றும்.

படங்களை நான் பார்க்கவில்லை, அதனால் இதுதான் என்று கடிதத்தை வைத்து முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் இதைச் சந்தேகிக்காமல் விடக்கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். சந்தேகத்தைத் தீர்க்க ரீனோகிராம் என்று ஒரு சோதனை இருக்கிறது. கையில் ஊசி வழியாக மிகக் குறைந்த கதிரியக்கம் கொண்ட ஒரு மருந்தைச் செலுத்தி, கேமராவுக்குக் கீழே அரை மணி நேரம்போலப் படுக்க வைப்பார்கள். சிறுநீரைப் பெருக்கும் இன்னொரு மருந்தும் கொடுத்து, தேங்கியது எவ்வளவு வேகமாக வடிகிறது என்று பார்ப்பார்கள். பாதி வடிய 10 நிமிடத்துக்குக் குறைவாக எடுத்தால் அடைப்பு இல்லை, 20 நிமிடத்துக்கு மேல் போனால் அடைப்பு இருக்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்வோம். இடைப்பட்டால் யோசித்து, சில மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்போம். இங்கே ஒரு சிறு விஷயம். சாதாரணமாகக் கேமரா முதுகுப் பக்கத்திலிருந்து பார்க்கும். உங்கள் மகனுடைய சிறுநீரகம் முன்பக்கமாக இருக்கும் என்பதால் முன்னாலிருந்தும் எடுத்தால்தான் கணக்கு சரியாக வரும். நிபுணருக்கு இது தெரிந்திருக்கும். ஆனாலும் சோதனை நாளன்று அமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. வலி இல்லாத நாளில் ஸ்கேன் எடுத்தால் வீக்கம் வற்றியிருக்கலாம், "பெரிதாக ஒன்றும் இல்லை" என்று எழுதிவிடுவார்கள். மறுபடி வலி வந்தால், ஓமத் தண்ணீரோடு நிறுத்திவிடாமல் அந்த நேரத்திலேயே போய் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். வலியோடு எடுத்த ஒரு படம், வலி இல்லாமல் எடுத்த பத்துப் படங்களுக்குச் சமம். அவசரப் பிரிவில் கொடுத்த சீட்டு எந்தத் துறைக்கு என்றும் பாருங்கள். சிறுநீரகச் செயல்பாட்டை மருந்தால் கவனிப்பவர் நெஃப்ராலஜி மருத்துவர், வடிகால் கோளாறைப் பார்ப்பவர் யூராலஜி மருத்துவர். உங்களுக்கு முதலில் வேண்டியவர் யூராலஜி மருத்துவர். பிள்ளைக்குப் பதினாறு என்பதால் சிறுவர் பிரிவா பெரியவர் பிரிவா என்ற குழப்பம் வரலாம், தொலைபேசியில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

வெட்டிப் பிரிக்கலாமா என்றீர்கள். வேண்டாம். லாடத்தின் நடுப்பாலத்தை வெட்டிப் பிரிப்பதை ஒரு காலத்தில் அறுவை மருத்துவர்கள் வழக்கமாகவே செய்தார்கள். அதனால் பயன் பெரிதாக இல்லை, ரத்தக்கசிவும் சிறுநீர்க் கசிவும்தான் மிச்சம் என்று தெரிந்த பிறகு பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். இந்தச் சிறுநீரகங்களுக்கு ரத்தம் ஒரே ஒரு தமனியில் ஒழுங்காக வருவதில்லை. பெருந்தமனியின் அடியிலிருந்து ஒன்று, இடுப்புக்குப் போகும் தமனியிலிருந்து இன்னொன்று என்று ஆளுக்கு ஆள் மாறும். ஒட்டியிருப்பது நோய் அல்ல. வடியாமல் இருந்தால் மட்டும்தான் பிரச்சினை, அப்போதும் சரிசெய்ய வேண்டியது வடிகாலை. குறுகிய முனையை வெட்டி எடுத்துவிட்டு அகலமாக மறுபடி தைக்கும் அறுவைக்குப் பைலோபிளாஸ்டி என்று பெயர். சிறு துளைகள் வழியாகவோ ரோபோ கருவியாலோ செய்கிறார்கள். வழக்கமான இடத்தில் இருக்கும் சிறுநீரகத்தில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் நன்றாக முடியும் அறுவை இது. ஒட்டிய சிறுநீரகத்தில் வேலை கொஞ்சம் கடினம், ரத்தக்குழாய்களின் படத்தை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். அதனால் "இப்படிப்பட்ட அமைப்பில் நீங்கள் இதற்கு முன் செய்திருக்கிறீர்களா?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். செயல்பாடு குறையாமல், காய்ச்சலும் இல்லாமல் இருந்தால் தேர்வு முடிந்து விடுமுறையில் செய்துகொள்ள நேரம் இருக்கும். சோதனையை மட்டும் தேர்வுக்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் கல். தேங்கும் இடத்தில் கல் விளையும், ஒட்டிய சிறுநீரகம் உள்ளவர்களுக்கு இது அடிக்கடி வரும் தொந்தரவு. கட்டுமானத் தளத்தில் வேலை பார்த்த ஒரு தம்பி நினைவுக்கு வருகிறார். லாட வடிவம், இடது பக்கம் கல். வெளியிலிருந்து அதிர்வலை பாய்ச்சிக் கல்லை உடைக்கும் சிகிச்சை இரண்டு முறை செய்தார்கள். கல் உடைந்தது, ஆனால் துண்டுகள் வெளியே வரவில்லை. வடிகுழாய் மேலே இருக்கும் தொட்டியில் மணல் அடியிலேயே தங்கிவிடும் அல்லவா, அதுதான் நடந்தது. கடைசியில் வளையும் மெல்லிய கருவியைச் சிறுநீர்ப் பாதை வழியாகவே உள்ளே செலுத்தி எடுக்க வேண்டியதாயிற்று. தண்ணீர் எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டேன். "மேலே இருபதாவது மாடியில வேலை சார், கழிப்பறை கீழே. இறங்கி ஏற நேரமாகும்னு குடிக்கிறதே இல்ல" என்றார். அவர் சட்டை முதுகில் வியர்வை உப்பு வெள்ளையாகக் கோடு போட்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால் உங்கள் மகன் தண்ணீரைக் குறைக்கக் கூடாது, குடிக்கும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும். பந்து விளையாடப் போவதற்கு முன்பிருந்தே, இடைவேளையில், முடிந்த பிறகு என்று சிறிது சிறிதாக. ஒரே மூச்சில் ஒரு பாட்டில் வேண்டாம். இந்த ஊர் வெயிலில் இத்தனை குவளை என்று எண்ணுவதைவிடச் சிறுநீரின் நிறத்தைப் பார்ப்பதுதான் சுலபம். வெளிறிய மஞ்சளாக இருந்தால் போதும். வாழைத்தண்டுச் சாறு கொடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பிடித்தால் குடிக்கட்டும், ஆனால் வடிகால் கோளாறை அது சரிசெய்யாது. சிறுநீரகத்துக்கு என்று இணையத்தில் விற்கும் பெயர் தெரியாத பொடி, லேகியம் எதுவும் வேண்டவே வேண்டாம். கலப்பட மருந்துகளைப் பற்றிச் சுகாதார அறிவியல் ஆணையம் இங்கே பலமுறை எச்சரித்திருக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வலியோடு காய்ச்சலும் குளிர் நடுக்கமும் சேர்ந்து வந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள். அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி புகுந்தால் சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிடும். உடனே அவசரப் பிரிவு, நடக்க முடியாமல் துவண்டால் 995. சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள்.

டயாலிசிஸ் பயம் எனக்குப் புரிகிறது. நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்காத குடும்பம் குறைவு. ஆனால் இங்கே டயாலிசிஸுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோரை அங்கே கொண்டுபோய்விட்டது நீரிழிவும் ரத்த அழுத்தமும். ஒட்டிப் பிறந்ததால் மட்டும் சிறுநீரகம் கெட்டுவிடாது. கவனிக்காத அடைப்பும் அடுத்தடுத்து வரும் கிருமித் தொற்றும்தான் கெடுக்கும். வருடத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு பார்த்தால் போதும், பலதுறை மருந்தகத்திலேயே முடிந்துவிடும். ஸ்கேனை எத்தனை காலத்துக்கு ஒருமுறை என்று நிபுணர் சொல்வார். பயத்தில் ஆண்டுதோறும் சி.டி. கேட்காதீர்கள், வளரும் பிள்ளைக்கு அந்தக் கதிர் தேவையில்லை. விளையாடி அடிபட்டு வலித்தால் பனடோல் போதும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை, முக்கியமாக வியர்த்து உடம்பு வறண்டிருக்கும்போது, கேட்காமல் போட வேண்டாம். இணையத்தில் தேடினால் புற்றுநோய் என்றும் வரும். லாட வடிவத்தில் குழந்தைகளுக்கு வரும் வில்ம்ஸ் கட்டிக்குச் சற்றுக் கூடுதல் வாய்ப்பு உண்டு என்பதைத்தான் அப்படிப் பெரிதாக எழுதுகிறார்கள். அது பெரும்பாலும் சின்னக் குழந்தைகளுக்கு வருவது. பதினாறு வயதுப் பையனை வைத்துக்கொண்டு நீங்கள் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

காற்பந்தை நிறுத்த வேண்டாம். வலிக்குக் காரணம் தெரியும்வரை சில வாரம் ஓய்வெடுக்கட்டும், அவ்வளவுதான். இவன் சிறுநீரகம் விலா எலும்பின் காவலுக்கு வெளியே கீழே இருக்கிறது, முன்னாலிருந்து நேராக அடிபட்டால் முதுகெலும்போடு நசுங்க வாய்ப்பு உண்டு என்பது உண்மை. ஆனால் விளையாட்டில் சிறுநீரகம் காயப்படுவதே அபூர்வம். அப்படி நடப்பதிலும் காற்பந்தைவிடச் சைக்கிளிலிருந்து விழுவதுதான் முன்னால் நிற்கிறது. மிதிவண்டியின் கைப்பிடி வயிற்றில் குத்தும். குத்துச்சண்டை, உதைச்சண்டை போன்றவற்றை மட்டும் நான் ஊக்குவிக்க மாட்டேன். வயிற்றில் பலமாக அடிபட்டால், வலி தணிந்தாலும், காட்டிவிட வேண்டும்.

தேசிய சேவைக்குப் பதினாறரை வயதில் பதியும் நேரம் வந்துவிட்டது. மருத்துவப் பரிசோதனையில் சி.டி. அறிக்கை, ரீனோகிராம் அறிக்கை, நிபுணரின் கடிதம் எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கள். எந்தப் பிரிவு, எவ்வளவு உடற்பயிற்சி என்பதை அங்குள்ள மருத்துவர்கள் தீர்மானிப்பார்கள். நண்பர்களோடு போக வேண்டும் என்று பிள்ளைகள் மறைப்பதைப் பார்த்திருக்கிறேன். வெயிலில் மூட்டை சுமந்து நடக்கும் நாளில் வலி வந்தால் கூட இருப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது.

மகளுக்குத் தொந்தரவு எதுவும் இல்லையென்றால் கட்டாயம் இல்லை. இது பெரும்பாலும் குடும்பத்தில் தொடர்ந்து வருவதில்லை. மனம் கேட்கவில்லை என்றால் ஒரு சாதாரண ஸ்கேன் எடுத்துப் பாருங்கள், வலியும் கிடையாது கதிரும் கிடையாது. இதைப் படிக்கும் மற்ற தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெண் பிள்ளைக்குச் சிறுநீரகம் இப்படி இடம் மாறியிருந்தால், கருப்பையின் அமைப்பையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் கருவில் அக்கம்பக்கத்தில் உருவாகின்றன. வயதுக்கு வந்த பிறகு மாதவிலக்கு வலி தாங்க முடியாமல் போனால் காரணம் அதுவாக இருக்கலாம்.

செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அவசரப் பிரிவுச் சீட்டில் சந்தேகம் இருந்தால் பலதுறை மருந்தகத்தில் பரிந்துரை வாங்கிக்கொண்டு போனால் நிபுணரை மானியக் கட்டணத்தில் பார்க்கலாம். அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவக் காப்பீடான மெடிஷீல்டு லைஃப் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஏற்கெனவே உள்ள குறைகளையும் சேர்த்தே காப்பீடு தருகிறது. தனியார் காப்பீட்டை இப்போது மாற்றப் போனால் இதை விலக்கி வைக்கலாம். மகன் பெயரில் பழைய திட்டம் இருந்தால் அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, மகனிடம் சொல்வது. உங்கள் கணவரின் மனது எனக்குப் புரிகிறது. ஆனால் அவனுக்குத் தெரியாமல் இருப்பதில்தான் ஆபத்து அதிகம். பந்து விளையாடிவிட்டு எவ்வளவு குடித்தான், எவ்வளவு நேரத்தில் வலி வந்தது, எப்படிப் போனது என்பதெல்லாம் அவனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் சொல்லாமல் எந்த மருத்துவரும் சரியாகக் கண்டுபிடிக்க முடியாது. நாளைக்கு முப்பது வயதில் வேறு ஊரில் குடல் அறுவையோ முதுகெலும்பு அறுவையோ செய்ய நேர்ந்தால், "டாக்டர், என் சிறுநீரகம் இரண்டும் வலது பக்கம் இருக்கிறது, ரத்தக்குழாய்களும் மாறியிருக்கும்" என்று படுக்கையில் இருந்தபடி சொல்ல வேண்டியவன் அவன்தான். இடம் மாறிய சிறுநீரகத்தைக் கட்டி என்று நினைத்துக் கத்தி வைத்த கதைகள் மருத்துவத்தில் உண்டு. நீங்கள் எப்போதும் பக்கத்தில் இருக்க முடியாது. அதோடு, உள்ளே ஏதோ மறைக்கிறார்கள் என்பது பதினாறு வயதுக்காரனுக்குத் தெரியாமலா இருக்கும்? அறிக்கையில் உள்ள ஆங்கிலப் பெயரை அவன் கைப்பேசியில் தட்டி, நள்ளிரவில் தனியாகப் படித்துக்கொண்டிருக்கவும் கூடும்.

இன்று மாலை ஒரு தாளை எடுங்கள். ஓர் உடம்பை வரைந்து, வலது பக்கத்தில் இரண்டு மாங்காய்களை ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டி வையுங்கள். மேல் மாங்காயிலிருந்து ஒரு கோடு நேராகக் கீழே, கீழ் மாங்காயிலிருந்து ஒரு கோடு குறுக்காக இடது பக்கத்துக்கு. அவ்வளவுதான் படம். அதை அவனிடம் கொடுத்து, நான் மேலே எழுதியதில் எது வேண்டுமோ அதைச் சொல்லுங்கள், அவன் அப்பாவும் கூட உட்காரட்டும். நிபுணரைப் பார்க்கும் நாளன்று பள்ளிக்கு விடுப்பு வாங்கி அவனை உள்ளே அழைத்துப் போங்கள். சி.டி. படத்தைத் திரையில் அவனுக்குக் காட்டச் சொல்லுங்கள். முதல் கேள்வியை அவன் கேட்கட்டும்.